ரிச்சி ஸ்ட்ரீட்டுக்கு அப்பாவின் கம்ப்யூட்டரோடு...

செங்கல்பட்டிலிருந்து மின்சார ரயிலில் வரும்போது, துணிப்பையில் சுற்றிய சி.பி.யூ.வை மடியைவிட்டு இறக்கவே இல்லை அப்பா. பார்க் ஸ்டேஷனில் இறங்கி, சென்ட்ரலில் மெட்ரோ ஏறினால் அடுத்த நிறுத்தம் அரசினர் தோட்டம். அங்கிருந்து பொடிநடையாகப் போனால், அண்ணா சாலையை ஒட்டியே ரிச்சி ஸ்ட்ரீட்.

அப்பாவுக்கு ஜாப் டைப்பிங் கடை. 2014-ல் வாங்கிய கம்ப்யூட்டர், நாலாம் தலைமுறை ஐ3. இப்போதெல்லாம் சுவிட்சைப் போட்டுவிட்டு டீ குடித்துவிட்டு வந்தால்தான் திறக்கிறது. 'பிராசசரை மாத்துனா பறக்கும்' என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பாக்கெட்டில் ஆறாயிரம் ரூபாய்.

"என்ன சார் வேணும்... கேமராவா, லேப்டாப்பா?" - தெருவில் நுழைந்ததுமே கூப்பிட ஆரம்பித்துவிடுகிறார்கள். தலைக்கு மேல் கேபிள், காலடியில் பழைய அடாப்டர், ரிமோட். நடுவில் பைக்கும் தள்ளுவண்டியும். முதலில் ஏறிய கடையில், "ஐ7 போடலாம், 4,500" என்றார்கள். பெட்டியைத் திறந்துகூடப் பார்க்கவில்லை. நான் தலையாட்டப் போனேன். அப்பாதான், "இன்னொரு இடம் பார்ப்போம்மா" என்றார்.

நரசிங்கபுரம் தெருப் பக்கம், குறுகலான மாடிப்படி. சால்டரிங் வாசனை அடிக்கும் சின்னக் கடை. அங்கிருந்த அண்ணன் கேட்ட முதல் கேள்வி, "என்ன வேலை பண்ணுவீங்க சார்?" மானிட்டரை மாட்டி, பிரவுசரைத் திறந்து, டாஸ்க் மேனேஜரைக் காட்டினார். டிஸ்க் 100 சதவிகிதம். பிராசசர் 30-ஐத் தாண்டவில்லை.

"பிராசசர் சும்மாதான் இருக்கு சார். ஹார்ட் டிஸ்க்தான் மூச்சு வாங்குது. எஸ்.எஸ்.டி.யும் இன்னொரு 4 ஜி.பி. ரேமும் போட்டா 3,500-ல முடிஞ்சிடும்."

அப்பா முகத்தில் சிரிப்பு. அது ரொம்ப நேரம் நிற்கவில்லை.

விண்டோஸ் 10-க்கான இலவச ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது. பதிவு செய்தால் பாதுகாப்பு அப்டேட் கிடைக்கும். அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான். விண்டோஸ் 11-க்கு மைக்ரோசாஃப்ட் ஏற்கும் இன்டெல் கோர் பிராசசர் எட்டாம் தலைமுறையிலிருந்துதான் தொடங்குகிறது. இந்த போர்டில் நாலாம் தலைமுறைக்கு மேல் உட்காராது. (சாக்கெட் எண் ஒன்றாக இருந்தாலும் நம்பக்கூடாதாம். ஏழாம் தலைமுறைக்கும் எட்டாம் தலைமுறைக்கும் அதே 1151தான். ஆனால் பழைய போர்டில் புதியது ஓடாது.) ஆக, அந்த 4,500 ரூபாய் ஐ7-ஐப் போட்டிருந்தாலும் இதே இடத்தில்தான் வந்து நின்றிருப்போம்.

வீட்டில் படம் பார்க்கிற கம்ப்யூட்டர் என்றால் எஸ்.எஸ்.டி.யோடு விட்டிருப்பேன். அப்பா கடையில் ஊர் ஜனங்களின் ஆதார் எண்ணும் பேங்க் பாஸ்புக்கும் அல்லவா ஏறி இறங்குகின்றன!

மானிட்டர், கீபோர்டு, பிரின்டர் எல்லாம் பழையதே போதும். எட்டாம் தலைமுறை ஐ5, எஸ்.எஸ்.டி.யோடு, ஏதோ ஆபீஸில் ஓடிய செகண்ட் ஹேண்ட் பெட்டி 14,500 ரூபாய். ஆறு மாத வாரன்டியை பில்லிலேயே எழுதி வாங்கினேன். மீதிப் பணத்தை ஜிபே செய்தபோது அப்பா என் முகத்தைப் பார்க்கவில்லை. "மூணு மாசத்துல தந்துடறேன்" என்றார், கடைக்காரரிடம் சொல்வதுபோல.

பழைய டிஸ்க்கிலிருந்து பதினோரு வருட ஃபைல்கள் காப்பியாக ஒன்றரை மணி நேரம். பழைய பெட்டிக்கு 1,200 தருவதாகச் சொன்னார் அந்த அண்ணன். அப்பா வேண்டாம் என்றுவிட்டார்.

திரும்பும்போது புதுப் பெட்டி என் மடியில். பழையது, அதே துணிப்பையில், அப்பா மடியில்.