ஆறு தரும் சாட்சியம்

ஆற்றை வைத்தே பெயர் பெற்ற நகரம் கோலாலம்பூர். ‘குவாலா’ என்பது ஆறுகள் கூடுமிடம். ‘லும்பூர்’ என்பது சேறு என்பர். கோம்பாக் ஆறும் கிள்ளான் ஆறும் ஒன்றுகூடும் அந்தச் சேற்று முனையில்தான், 1857ஆம் ஆண்டில் ஈயம் தேடி வந்தவர்கள் படகை நிறுத்திக் கரையேறினர். 1909ஆம் ஆண்டில் அங்கே எழுந்த ஜாமெக் பள்ளிவாசல் இன்றும் இரு நீரோட்டங்களையும் பார்த்தபடி நிற்கிறது. சேறு இந்த ஊருக்குப் புதிதன்று. ஆயினும், இன்று அம்முனையில் கலங்கி ஓடும் நீருக்குப் பழைய பெயரையே காரணமாகக் காட்டிவிட்டு அமைதி கொள்ள முடியுமா? இவ்வினாவே ஆற்றை ஆராய்வோரின் தொடக்கம்.

ஓர் ஆற்றை அறிய விரும்புவோர் அதன் கரையில் மட்டும் நின்றால் போதாது. மழைத்துளி எந்த மேட்டில் விழுந்தால் அந்த ஆற்றை வந்தடையுமோ அம்மேடுவரை ஏறிப் பார்க்க வேண்டும். அவ்வாறு மழையை ஏந்தி ஆற்றுக்கு அளிக்கும் நிலப்பரப்பு முழுவதையும் நீர்ப்பிடிப்புப் பகுதி என்கிறோம். கிள்ளான் ஆற்றின் நீளம் ஏறத்தாழ 120 கிலோமீட்டர். அதன் நீர்ப்பிடிப்புப் பகுதியோ ஏறத்தாழ 1,288 சதுர கிலோமீட்டர். தலைநகரம் முழுவதும் அதனுள் அடங்கும். வீடும் கடையும், ஆலையும் பள்ளியும், பால்மரத் தோட்டமாக இருந்து குடியிருப்பாக மாறிய மண்ணும் அதனுள் அடங்கும். ஆற்றைப் பற்றிய ஆராய்ச்சி, உண்மையில், அந்த நிலத்தில் வாழும் மனிதரைப் பற்றிய ஆராய்ச்சியே.

கோம்பாக் ஆற்றின் தலைப்பகுதி தித்திவாங்சா மலைத்தொடரின் காட்டில் உள்ளது. மலாயாப் பல்கலைக்கழகத்தின் கள ஆய்வு நிலையம் அங்கே உலு கோம்பாக்கில் அமைந்துள்ளது. இச்சிற்றாற்றின் நீரியல்பையும் உயிரினங்களையும் விரிவாக ஆய்ந்து ஜே. இ. பிஷப் எழுதிய நூல் 1973ஆம் ஆண்டில் வெளிவந்தது. வெப்பநாட்டு ஆறுகளைப் பற்றிய ஆய்வுகள் அரிதாக இருந்த காலத்தில், நம் நாட்டுச் சிற்றாறு ஒன்று உலக அறிவுலகின் கவனத்தைப் பெற்றது.

காட்டினுள் பெய்யும் மழை முதலில் இலைகளில் விழுகிறது. பிறகு சருகில் விழுகிறது. பிறகே மண்ணைத் தொடுகிறது. அதனால் அது மண்ணை அரிப்பதில்லை. மண்ணுக்குள் இறங்கி, மழையற்ற நாளிலும் ஊற்றாய்க் கசிந்து ஆற்றைக் காக்கிறது. மரத்தை வெட்டிக் குன்றைச் சரித்துவிட்டால் இந்த ஒழுங்கு குலைகிறது. ஒரு மணி நேர மழையில் செம்மண் கரைந்து ஆற்றில் இறங்குகிறது. முற்காலத்தில் ஈயச் சுரங்கங்கள் இவ்வாறே ஆறுகளை மணலாலும் வண்டலாலும் நிரப்பின. பின்னர் அப்பணியைக் கட்டுமானத் தளங்கள் ஏற்றுக்கொண்டன. படுகை மேடாகிவிட்ட ஆறு, வெள்ளத்தைத் தாங்கும் வலிமையை இழக்கிறது.

கண்ணுக்குத் தெரியும் சேற்றைவிடக் கண்ணுக்குத் தெரியாத கேடு கொடியது. அதனால்தான் ஆராய்ச்சியாளர் தம் கண்ணை மட்டும் நம்புவதில்லை. மலேசியாவில் ஆற்றுநீரின் தரம் ஆறு அளவைகளால் கணிக்கப்படுகிறது: கரைந்துள்ள உயிர்வளி, உயிரியல் உயிர்வளித் தேவை, வேதியியல் உயிர்வளித் தேவை, அம்மோனியா நைட்ரஜன், மிதக்கும் திண்பொருள், அமில காரத் தன்மை. இவற்றை இணைத்து நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் இடுவர். 81 அல்லது அதற்கு மேல் பெற்றால் தூய ஆறு. 60 முதல் 80 வரை சற்றே மாசுற்ற ஆறு. அதற்கும் கீழே மாசுற்ற ஆறு. மாணவருக்கு மதிப்பெண் இடும் ஆசிரியர்களுக்கு இம்முறை எளிதில் விளங்கும். தேர்வில் தோற்பது ஆறு. ஆனால் பாடம் படிக்காதவர் வேறொருவர்.

தூய நீர் நம் நாட்டு வெப்பத்தில் லிட்டருக்கு 8 மில்லிகிராமுக்குச் சற்றுக் குறைவான உயிர்வளியையே தன்னுள் வைத்திருக்க இயலும். கழிவுநீர் கலக்கும்போது, அக்கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் பெருகி இச்சிறு சேமிப்பைச் செலவழித்துவிடுகின்றன. மீன்கள் நஞ்சுண்டுதான் மடியவேண்டும் என்பதில்லை. மூச்சுத் திணறியும் மடியும்.

கருவிகள் சொல்வதை உயிர்களும் உறுதிப்படுத்துகின்றன. மலையோடையின் கல்லைப் புரட்டினால், ஒருநாள் வாழ்வுடைய சிறு பூச்சிகளின் இளம்பருவ உயிர்கள் அதில் ஒட்டியிருக்கும். உயிர்வளி மிகுந்த நீரே அவற்றின் வீடு. நகரத்துச் சேற்றிலோ அவை காணப்படுவதில்லை. உயிர்வளி குன்றிய நீரிலும் பிழைக்கவல்ல செந்நிறப் புழுக்களே நெளிகின்றன. வேதியியல் சோதனை, நீரை எடுத்த அந்நொடியின் நிலையைக் கூறும். கல்லடியில் வாழும் உயிரோ பல வாரங்களின் வரலாற்றைக் கூறும். நள்ளிரவில் எவரும் அறியாமல் திறந்துவிடப்பட்ட கழிவுக்கும் அது சாட்சி.

கோம்பாக் ஆற்றோடு வந்து கலப்பது பத்து ஆறு. பத்துமலைக்குப் பெயர் தந்தது அந்த ஆறே என்பர். தைப்பூசத்தன்று காவடி ஏந்துவோர் நீராடும் ஆறும் அதுவே. உடலும் உள்ளமும் தூயவராகப் படியேற விரும்பும் மக்கள், தாம் மூழ்கி எழும் நீரின் தூய்மையை எண்ணிப் பார்ப்பதுண்டா? ஆலைக் கழிவைக் குறைகூறுவது எளிது. ஆனால் உணவுக்கடையின் எண்ணெய்ப் பிசுக்கும், சந்தையைக் கழுவிய நீரும், தெருவில் எறிந்த நெகிழிப் பையும் மழைக்கால்வாய் வழியே நேரே ஆற்றுக்குத்தான் செல்கின்றன. யாரோ செய்த பிழை என்று கைகழுவும் நீரும் அதே கால்வாயில்தான் விழுகிறது.

இதற்குத் தீர்வே இல்லையோ என்று சோர்வதற்கும் காரணமில்லை. தோட்டப்புறத்து லயன்களில் வாழ்ந்த நம் மக்கள் பலர், குளிக்கவும் துவைக்கவும் அருகில் ஓடிய ஆற்றையே நம்பியிருந்தனர். செம்பனை ஆலைகள் பெருகியபோது அந்த ஆறுகள் கறுத்து நாறின. ஆலையிலிருந்து வெளிவரும் கழிவின் உயிர்வளித் தேவை லிட்டருக்கு ஏறத்தாழ 25,000 மில்லிகிராம். 1974ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தரச் சட்டத்தின்கீழ் 1977ஆம் ஆண்டில் விதிகள் வகுக்கப்பட்டன. 1978இல் 5,000 மில்லிகிராம் என்றிருந்த வரம்பு படிப்படியாக இறக்கப்பட்டு, 1984இல் 100 ஆயிற்று. கழிவைக் குளங்களில் தேக்கி நுண்ணுயிர்களைக் கொண்டே சிதைக்கும் முறையை ஆலைகள் கைக்கொண்டன. தொழிலும் அழியவில்லை. அளந்தறிந்த உண்மை சட்டமாயிற்று. சட்டம் ஆற்றுக்கு அரணாயிற்று.

சிங்கப்பூர் ஆற்றின் கதையும் இத்தகையதே. 1977ஆம் ஆண்டில் தொடங்கிய தூய்மைப் பணி 1987இல் நிறைவுற்றது. அங்கே நீரில் மிதந்த குப்பையை அள்ளியதோடு எவரும் நிறுத்திக்கொள்ளவில்லை. பன்றிப் பண்ணைகளும், தெருக்கடைகளும், கழிவறை வசதியற்ற குடியிருப்புகளும், 1983இல் தொங்கான்களும் இடம்பெயர்க்கப்பட்டன. அதற்காகப் பழகிய வாழ்விடத்தையும் பிழைப்பையும் விட்டுச் சென்ற எளியோரின் இழப்பும் அத்தூய்மையின் விலையில் சேரும். அதை மறத்தல் அறமன்று.

கோலாலம்பூரின் ஆற்றுமுனையும் அண்மைக் காலத்தில் ஒப்பனை பெற்றிருக்கிறது. இரவில் நீலவிளக்கு ஒளிர்கிறது. நடைபாதையில் மக்கள் உலவுகின்றனர். விளக்கு கரைக்கு அழகு தரலாம்; நீரின் நிறத்தை மாற்றும் ஆற்றல் அதற்கில்லை. வள்ளுவப் பெருந்தகை கடவுள் வாழ்த்தை அடுத்து வான்சிறப்பை வைத்தார். அவ்வதிகாரத்தைக் கற்பிக்கும் ஆசிரியர், ஒருநாள் மாணவரை அழைத்துச் சென்று, மலையடிவாரத்தில் ஒரு குவளையும் நகரத்தில் ஒரு குவளையும் நீர் எடுத்து மேசைமேல் அருகருகே வைக்கட்டும். இரண்டும் ஒரே ஆற்றின் நீர்தான். இடையில் நிகழ்ந்தது என்ன என்று மாணவர் கேட்பர். அந்த வினாவுக்கு விடை தேடி அவர்கள் முதலில் தம் வீட்டுக் கால்வாயைப் பார்ப்பார்களானால், ஆராய்ச்சி அங்கே தொடங்கிவிடும்.