வீடு நம்முடையது, கைகளும் நம்முடையவையே!



காயல்பட்டினம், கீழக்கரை முதலிய நம் கடற்கரை ஊர்களில் நெடுங்காலமாக ஒரு நல்ல வழக்கம் நிலவி வருகிறது. பெண்ணுக்குத் திருமணம் முடிக்கும்போது பெற்றோர் அவளுக்கென ஒரு வீட்டையோ, வீட்டின் ஒரு பகுதியையோ கொடுத்துவிடுவார்கள். மாப்பிள்ளை பெண் வீட்டிற்கு வந்து வாழ்வார். நானும் அத்தகைய ஒரு வீட்டில் பிறந்து வளர்ந்தவள்தான். என் உம்மாவின் பெயரில் இருந்த அந்த வீடு இன்று என் பெயரில் இருக்கிறது. நாளை, இன்ஷா அல்லாஹ், என் மகளின் பெயருக்கு மாறும்.

ஆனால் ஒன்றைச் சற்றே எண்ணிப் பாருங்கள். வீட்டின் பத்திரம் நம் பெட்டியில் இருக்கிறது. அவ்வீட்டின் குழாய் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்? மாடியில் விழும் மழைநீர் எவ்வழியே இறங்குகிறது, மின்சாரத்தின் தலைமை விசை எது, கழிவுநீர்த் தொட்டியின் மூடி எங்கே புதைந்து கிடக்கிறது என்று கேட்டால், "அதெல்லாம் அவர்களுக்குத்தான் தெரியும்" என்று விடை சொல்கிறோம். அந்த 'அவர்களோ' சபுராளிகள். அன்று கொழும்பிலும் மலேயாவிலும் இருந்தார்கள். இன்று வளைகுடா நாடுகளில் இருக்கிறார்கள். ஈராண்டுக்கு ஒருமுறை விடுப்பில் வரும் அவர்களுக்காக வீடு காத்திருக்கலாம். வீட்டின் பழுது காத்திருக்குமா?

காத்திருக்காது என்பதை என் உம்மாவின் வாழ்வு எனக்குக் கற்றுத் தந்தது. 2009ஆம் ஆண்டு நான் என் கணவருடன் துபாயில் இருந்தேன். ஊரில் எங்கள் கொல்லைப்புறத் துவைகல்லுக்கு அருகில் இருந்த குழாய் ஓயாமல் சொட்டிக்கொண்டிருந்தது. உம்மா குழாய்க்காரரிடம் சொல்லி அனுப்பினார்கள். அவர் மூன்று முறை நாள் குறித்தார். மூன்று முறையும் வரவில்லை. சொட்டிய நீரில் சிமெண்டுத் தரை பச்சைப் பாசி பிடித்தது. ஒருநாள் ஃபஜ்ருக்கு ஒளுச் செய்யச் சென்ற உம்மா அப்பாசியில் வழுக்கி விழுந்தார்கள். அறுபத்தெட்டு வயதில் இடுப்பெலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சைக்குப் பின் கைத்தடியூன்றி நடந்தார்களே தவிர, தரையில் நெற்றி பதித்துத் தொழும் பாக்கியம் அவர்களுக்குப் பிறகு வாய்க்கவில்லை. இறுதி வரை நாற்காலியில் அமர்ந்தே தொழுதார்கள். "நோவு போய்விட்டது மகளே, ஸுஜூதும் போய்விட்டது" என்று அவர்கள் சொன்னபோது என்னிடம் மறுமொழி இல்லை.

அக்குழாயைப் பிறகு நானே பிரித்துப் பார்த்தேன். உள்ளே தேய்ந்து போயிருந்தது ஒரு சிறு ரப்பர் வாசர். விலை ஐந்து ரூபாய். வேலை கால் மணி நேரம்.

இக்கட்டுரையில் நான் சொல்ல விரும்புவது இவ்வளவே: வீட்டைக் காப்பது பெரும்பாலும் சிறு வேலைகளில் அடங்கியிருக்கிறது. அச்சிறு வேலைகள் நம் கைக்கு எட்டுபவை.

ஒரு சொட்டு நீர்

சொட்டும் குழாயின் அடியில் இரவு ஒரு சொம்பை வைத்துக் காலையில் பாருங்கள். எவ்வளவு நீர் வீணாகிறது என்பதை அச்சொம்பே சொல்லிவிடும். ஓடும் ஆற்றங்கரையிலும் நீரை வீணாக்காதீர் எனப் போதிக்கப்பட்ட சமுதாயமன்றோ நாம்!

பழைய பித்தளைக் குழாயைச் சரிசெய்வது எளிது. முதலில் மாடித் தொட்டியிலிருந்து வரும் கேட் வால்வை மூடுங்கள். குழாயைத் திறந்து எஞ்சிய நீரை வடியவிடுங்கள். குழாயின் கழுத்துப் பகுதியில் உள்ள நட்டின்மேல் ஒரு துணியைச் சுற்றி, ஸ்குரூ ஸ்பேனரால் இடப்புறமாகத் திருகினால் மேற்பாகம் கழன்று வரும். அதன் அடியில்தான் வாசர் இருக்கும். பழைய வாசரைக் கடைக்குக் கொண்டுசென்று அதே அளவில் வாங்குவது நல்லது. வாசர் அமரும் பித்தளை விளிம்பை விரலால் தடவிப் பாருங்கள். அது வழவழப்பாக இருந்தால் புது வாசர் நீரை முற்றிலும் நிறுத்தும். சொரசொரப்பாகத் தேய்ந்திருந்தால் புது வாசரும் விரைவில் கெடும். அப்போது குழாயையே மாற்றுவதுதான் சரி. இப்போது வரும் கால் சுற்றுக் குழாய்கள் சிலவற்றில் வாசருக்குப் பதில் பீங்கான் வில்லைகள் இருக்கும். அவற்றில் உள்ளிருக்கும் பாகத்தை முழுதாகவே மாற்ற வேண்டும்.

பாசி படர்ந்த தரையைப் பிளீச்சிங் பவுடர் கரைத்த நீரூற்றித் தென்னந்துடைப்பத்தால் தேய்த்துக் கழுவலாம். ஆனால் கழிவறை கழுவும் ஆசிட்டை அதனுடன் ஒருபோதும் கலந்துவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் என்னும் நச்சுவாயு கிளம்பும். மூடிய குளியலறையில் அது உயிருக்கே ஆபத்தாகும்.

மழைக்கு முன் மாடி

நம் பகுதிக்குப் பெருமழை தருவது ஐப்பசி, கார்த்திகையில் வரும் வடகிழக்குப் பருவக் காற்று. எனவே புரட்டாசி முடிவதற்குள் ஒருநாள் மாலை மாடிக்குச் செல்லுங்கள். நீர் இறங்கும் துளைகளில் காய்ந்த இலையும் காகம் கொண்டுவந்து போட்ட குச்சியும் அடைத்திருக்கும். அவற்றை அகற்றுங்கள். மாடி ஒழுகுவதற்குத் தேங்கிய நீரே பெரும்பாலும் காரணமாகிறது.

அடுத்து, கைப்பிடிச் சுவரின் இடுக்குகளைக் கவனியுங்கள். பறவைகளின் எச்சத்தால் விழுந்த விதையிலிருந்து அரசும் ஆலும் அங்கே முளைத்திருக்கும். இரண்டே இலை விட்ட கன்றுதானே என்று விட்டால், அதன் வேர் சுண்ணாம்புச் சாந்தைப் பிளந்துகொண்டு உள்ளே இறங்கும். தண்டை மட்டும் ஒடித்தால் மீண்டும் துளிர்க்கும். இளங்கன்றாக இருக்கும்போதே, மழை பெய்து சாந்து நெகிழ்ந்த வேளையில், வேரோடு பிடுங்கிவிட்டு அவ்விடுக்கை அடைக்க வேண்டும்.

எதைக் கொண்டு அடைப்பது? இங்கேதான் பலர் சிமெண்டை நாடுகிறார்கள். எங்கள் வீடு கிளிஞ்சல் சுண்ணாம்பால் கட்டப்பட்டது. உம்மாவின் காலம் முதல் எங்களுக்கு வேலை செய்துவந்த முதிய கொத்தனார் ஒருவரிடம், "அண்ணாச்சி, சிமெண்டு பூசினால் உறுதியாக நிற்குமே?" என்று ஒருமுறை கேட்டேன். அவர் சிரித்தவாறே, "சுவரும் மூச்சு விடணும் அம்மா. சிமெண்டைப் பூசினால் மூச்சு முட்டிப் போகும்" என்றார். எவ்வளவு உண்மை! சுண்ணாம்புச் சுவர் ஈரத்தை உறிஞ்சிப் பின் வெளியே விட்டுவிடும். மேலே சிமெண்டுப் பூச்சு வந்துவிட்டால் ஈரம் உள்ளேயே சிறைப்படும். உப்புப் பூத்து, பூச்சு பாளம் பாளமாகப் பெயர்ந்து விழும். பழைய வீட்டிற்குப் பழைய மருந்தே பொருந்தும்.

வெள்ளையடிப்பதையும் நாமே செய்யலாம். சுட்ட சுண்ணாம்பை நீற்றும்போது அது கொதித்தெழும். ஆதலால் பிளாஸ்டிக் வாளியைத் தவிர்த்து, மண் தொட்டியிலோ இரும்புத் தொட்டியிலோ முதலில் நீரை ஊற்றி, அதில் சுண்ணாம்பைச் சிறிது சிறிதாக இடுங்கள். குழந்தைகளை அருகில் விடாதீர்கள். கண்ணில் தெறித்தால் உடனே நிறைய நீரால் நெடுநேரம் கழுவி மருத்துவரிடம் செல்ல வேண்டும். நீற்றிய சுண்ணாம்பை ஒரு நாள் ஊறவிட்டு, துணியில் வடிகட்டி, பசையும் சிறிதளவு நீலமும் சேருங்கள். சுவரைத் துடைத்து நீர் தெளித்தபின், கெட்டியாக ஒரு பூச்சு பூசுவதைவிட நீர்த்ததாக இரண்டு மூன்று பூச்சுகள் பூசினால் சுவரோடு நன்கு ஒட்டிக்கொள்ளும்.

கொல்லையில் ஒரு குழி

தமிழகத்தில் 2003ஆம் ஆண்டு எல்லாக் கட்டடங்களிலும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டது. அப்போது வீடுதோறும் குழிகள் தோண்டப்பட்டன. கூழாங்கல்லும் மணலும் நிரப்பப்பட்டன. அவற்றுள் பல இன்று மண் மூடிக் கிடக்கின்றன. குழி தோண்டியவர்களுக்கு அதைப் பேணவும் வேண்டும் என்னும் நினைவு வரவில்லை!

1000 சதுர அடி மாடியில் 10 மில்லிமீட்டர் மழை பெய்தால் 900 லிட்டருக்கு மேல் நீர் விழுகிறது. ஒரு மாலை மழை தரும் கொடை இது. கடற்கரை ஊர்களில் இதற்கு இன்னொரு மதிப்பும் உண்டு. நிலத்தடி நன்னீரை நாம் இறைத்துக்கொண்டே இருந்தால், அவ்விடத்தைக் கடல்நீர் வந்து நிரப்பும், கிணறு உப்பாகும். மழைநீர் மண்ணுக்குள் இறங்க இறங்க உப்புநீர் உள்ளே வருவது தடைப்படும்.

ஆண்டுக்கொரு முறை குழியின் மேல்மட்ட மணலை அள்ளி, நன்கு கழுவிக் காயவைத்து மீண்டும் இடுங்கள். வண்டல் மிகுதியாகப் படிந்திருந்தால் புதுமணல் போடலாம். பருவத்தின் முதல் மழைநீர் மாடியின் தூசியையும் எச்சத்தையும் சுமந்து வரும். அதைக் குழிக்குள் விடாமல் வெளியேற்றுங்கள். ஒரு மண்வெட்டியும் இரண்டு கூடைகளும் போதும். எங்கள் வீட்டில் இது என் மகனும் மகளும் சேர்ந்து செய்யும் வேலை.

கை வைக்கக் கூடாதவை

செய்யத் தெரிவது ஓர் அறிவு. செய்யாமல் விடத் தெரிவதும் ஓர் அறிவே.

மின்சாரத்தில் நாம் செய்யத்தக்கவை சில உண்டு. தலைமை விசை எது என்பதை வீட்டிலுள்ள அனைவருக்கும் காட்டிவையுங்கள். மின்கசிவு நேர்ந்தால் தானே இணைப்பைத் துண்டிக்கும் ஈ.எல்.சி.பி. என்னும் கருவி இல்லையெனில், தேர்ந்த மின்பணியாளரைக் கொண்டு பொருத்துங்கள். பொருத்தியபின் அதிலுள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பாருங்கள். விசை விழுந்தால் கருவி வேலை செய்கிறது என்று பொருள். ஃபியூஸ் அடிக்கடி போகிறதென்று அதில் தடித்த செம்புக் கம்பியைச் சுற்றாதீர்கள். அது காவலாளியின் கண்ணைக் கட்டிவிடுவதற்கு ஒப்பாகும். ஈரம் கசியும் சுவரில் உள்ள சுவிட்சைத் தொடாதீர்கள்.

ஏணியைச் சாய்க்கும்போது, நான்கடி உயரத்திற்கு ஓரடி என்ற கணக்கில் அதன் கால் சுவரிலிருந்து விலகியிருக்கட்டும். கீழே ஒருவர் பிடித்துக்கொள்ளாமல் ஏறாதீர்கள். வயது முதிர்ந்தோர் ஏறவே வேண்டாம்.

பாழ்கிணற்றிலும் கழிவுநீர்த் தொட்டியிலும் கண்ணுக்குத் தெரியாத நச்சுவாயு தங்கியிருக்கும். இறங்கியவர் மயங்கி விழ, காப்பாற்ற இறங்கியவரும் மாண்ட துயரச் செய்திகளை நாம் எத்தனை முறை படித்துவிட்டோம்! நாமும் இறங்கக் கூடாது. கூலி கொடுத்துப் பிறரையும் இறக்கக் கூடாது. பாதுகாப்பின்றி ஒருவரைக் கழிவுநீர்த் தொட்டிக்குள் இறக்குவதை 2013ஆம் ஆண்டுச் சட்டம் தடை செய்திருக்கிறது. உறிஞ்சு வண்டியை வரவழையுங்கள். நம் வீட்டுக் கழிவுக்காகப் பிறர் வீட்டு உயிர் போகலாமா?

உழைப்பின் மதிப்பு

"இப்படி எல்லாவற்றையும் நாமே செய்தால் கொத்தனாருக்கும் குழாய்க்காரருக்கும் பிழைப்பேது?" என்று என் ராத்தா கேட்டார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் என் அனுபவம் வேறு. வேலையின் நுட்பம் தெரிந்தபின்தான் நல்ல வேலைக்காரரை என்னால் இனங்காண முடிந்தது. வெயிலில் நின்று மாடி பூசுபவரின் கூலியைக் குறைத்துப் பேச இப்போது என் நா எழுவதில்லை. சொட்டுக் குழாய்க்காக அவரை நான் அழைப்பதில்லை; ஆனால் மாடித் தளத்தைப் புதுப்பிக்கும் வேலை வரும்போது மனநிறைவோடு அழைக்கிறேன்.

நம் ஆண்மக்களுக்கும் ஒரு சொல். தம் செருப்பைத் தாமே தைத்து, தம் ஆடையைத் தாமே ஒட்டுப்போட்டு, வீட்டு வேலைகளில் பங்குகொண்டவர்கள் நம் பெருமானார் (ஸல்) அவர்கள். கைவேலை யாருக்கும் இழிவன்று. விடுப்பில் வரும் கணவர்மார், வாசனைத் திரவியத்தோடு ஒரு நல்ல ஸ்பேனரையும் வாங்கி வந்தால் மனைவியர் மகிழ்வார்கள் என்பதற்கு நானே சாட்சி!

சகோதரிகளே! பெரிதாக எதையும் தொடங்க வேண்டாம். ஒரு ஸ்குரூ ஸ்பேனர், இரண்டு திருப்புளிகள், ஒரு குறடு, ஒரு சுத்தியல், ஒரு சிறு கரணை, சில வாசர்கள் ஆகியவற்றை ஒரு பெட்டியில் இட்டு வையுங்கள். இந்த வெள்ளிக்கிழமை அஸருக்குப் பின் பிள்ளைகளை அழைத்துக்கொண்டு வீட்டைச் சுற்றி வாருங்கள். கேட் வால்வு எது, தலைமை விசை எது, மழைநீர் இறங்கும் வழி எது என்று அவர்களுக்குக் காட்டுங்கள். வழுக்கும் இடம் ஒன்று கண்ணில் பட்டால் அன்றே தேய்த்துக் கழுவிவிடுங்கள். உங்கள் வீட்டிலும் முதியவர்கள் இருப்பார்கள். அவர்களும் இருட்டில் ஒளுச் செய்ய எழுந்து செல்வார்கள்.