வழி கேட்டல்

பச்சைமலையின் அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் பிறந்தவன் நான். எங்கள் பக்கத்தில் இருப்புப்பாதை இல்லை. ரயிலேற வேண்டுமாயின், துறையூர் வழியாகப் பேருந்தில் திருச்சிராப்பள்ளிக்கு வருதல் வேண்டும். அங்கே உள்ள நிலையமும் ஒன்றன்று. சந்திப்பு, கோட்டை, டவுன், பொன்மலை, ஸ்ரீரங்கம் எனப் பல உண்டு. எந்த வண்டியை எங்கே பிடிப்பது என்பது புதியவர்க்கு எளிதில் விளங்காது.

பள்ளியில் படித்த நாளில் ஒருமுறை தந்தையாருடன் கரூருக்குச் சென்றேன். சந்திப்பில் சுமை தூக்குபவர் ஒருவரிடம், "கரூர் வண்டி இதுதானா, ஐயா?" என்று தந்தையார் கேட்டார். சற்றுப் பொறுத்துத் தேநீர் விற்பவரிடம் கேட்டார். வண்டியில் ஏறி அமர்ந்த பின்னும் எதிரே இருந்தவரிடம் கேட்டார். எனக்கு வெட்கமாக இருந்தது. "பலகையில் எழுதியிருப்பதை நான்தான் படித்துச் சொன்னேனே! இன்னும் எத்தனை பேரைக் கேட்பீர்கள்?" என்று சினந்தேன். அவர் சிரித்தார். "வாயுள்ள பிள்ளை பிழைக்கும், தம்பி" என்றார். எழுத்தறியாதவர் பேச்சு என்று அன்று நான் எண்ணினேன்.

ஆண்டுகள் பல சென்றன. தந்தையாரும் மறைந்தார். சீன நாட்டைக் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டிற்று. பெய்ஜிங்கிலிருந்து ஷாங்காய்க்கு அதிவிரைவு ரயிலில் செல்ல இடம் பதிவு செய்திருந்தேன். அங்கே வெளிநாட்டார்க்குக் கடவுச்சீட்டே பயணச்சீட்டாகவும் பயன்படுகிறது. பதிவுக் குறிப்பில், புறப்படும் இடம் 'பெய்ஜிங் நான்' என்று உரோமன் எழுத்தில் இருந்தது. 'பெய்ஜிங்' விளங்கிற்று, 'நான்' என்பதைப் பொருட்படுத்தவில்லை. விடுதியில் இருந்தவரிடம் ஒரு சொல் கேட்டிருக்கலாம். 'பல ஊர் கண்ட நான் இதையும் கேட்பதா?' என்று வாளா இருந்துவிட்டேன்.

1959-இல் கட்டப்பெற்ற பெய்ஜிங் நிலையத்தின் முன் சென்று இறங்கினேன். இரண்டு மணிக்கூண்டுகளுடன் அது கம்பீரமாக நின்றது. வாயிலில் இருந்த பெண் ஊழியர் என் கடவுச்சீட்டைப் பார்த்துத் தலையை அசைத்தார். அவர் சொன்னது எனக்கு விளங்கவில்லை. உடனே அவர் தம் கைப்பேசியில் எழுதி, அதன் மொழிபெயர்ப்பைக் காட்டினார். 'உங்கள் வண்டி தெற்கு நிலையத்திலிருந்து புறப்படும்' என்றிருந்தது. அப்பொழுதுதான் அறிந்தேன்: சீன மொழியில் 'நான்' என்றால் தெற்கு!

சுரங்க ரயிலில் ஏறி, இடையில் ஒருமுறை வண்டி மாறித் தெற்கு நிலையத்தை அடைந்தேன். மூச்சிரைக்க ஓடினேன். பயனில்லை. வண்டி புறப்படுவதற்குச் சில நிமிடங்களுக்கு முன்பே வாயிலை அடைத்துவிடுகிறார்கள். என் கண்முன்னே அது அடைபட்டிருந்தது. என்னை வழிதவறச் செய்தது சீனரின் 'நான்' அன்று. என் உள்ளத்தில் இருந்த 'நான்' என்பதே.

அதன் பின்னர் வெட்கத்தை விட்டேன். எதிர்ப்பட்டவரையெல்லாம் கேட்டேன். சைகையாலும் கைப்பேசியாலும் வழி காட்டினர். மாணவன் ஒருவன் என்னை அழைத்துச்சென்று, உரிய சாளரத்தின் முன் நிறுத்தினான். அன்றே புறப்படும் வேறொரு வண்டியில் எனக்கு இடம் மாற்றித் தந்தனர்.

அந்த வண்டியைப் புகைவண்டி என்று சொல்வதற்கில்லை, புகையே இல்லை. மின்சாரத்தால் ஓடும் அது மணிக்கு 350 கிலோமீட்டர் வேகத்தை எட்டிற்று. ஆயினும், என் முன் வைத்திருந்த கோப்பைத் தண்ணீர் சிந்தவில்லை. இவ்வேகம் எவ்வாறு வந்தது? சோபனபுரத்திலிருந்து பச்சைமலைமேல் ஏறும் பேருந்து ஒவ்வொரு கொண்டையூசி வளைவிலும் வேகம் குறைகிறதன்றோ? வளைவு குறுகினால் வேகமும் குறையும். ஆதலின், 2011-இல் திறக்கப்பெற்ற 1,318 கிலோமீட்டர் நீளமுள்ள இப்பாதையில் வளைவுகளை மிகப் பெரியனவாக அமைத்தனர். சாலை எதுவும் குறுக்கே வராதபடியும், விளைநிலம் மிகுதியாக வீணாகாதபடியும், பாதையின் பெரும்பகுதியைப் பாலங்களின்மேல் கொண்டுசென்றனர். அவற்றுள் ஒன்றன் நீளம் மட்டும் ஏறக்குறைய 164 கிலோமீட்டர். திருச்சிராப்பள்ளியிலிருந்து சென்னைக்குள்ள தொலைவில் பாதி தூரம் ஒரே பாலம் என்றால் வியப்பன்றோ!

மஞ்சளாற்றைக் கடந்தோம். பின்னர் வண்டி ஒரு நிலையத்தில் நின்றது. பெயர்ப்பலகையில் 'நான்ஜிங் நான்' என்று கண்டேன். நான்ஜிங் என்பது தென் தலைநகர் என்று பொருள்படும். இது தென் தலைநகரின் தெற்கு நிலையம்! காலையில் என்னை ஏமாற்றிய சொல்லை மாலையில் நானே படித்தறிந்தேன். பெற்ற துன்பத்திற்கு அந்த ஒரு சொல் கூலியாயிற்று.

இரவு ஷாங்காயை அடைந்தேன். நிலையம் கடல்போல் விரிந்து கிடந்தது. சுரங்க ரயிலுக்கு வழி எது என்று ஊழியர் ஒருவரைக் கேட்டேன். சற்று நடந்தபின் தின்பண்டம் விற்பவர் ஒருவரைக் கேட்டேன். பின்னர் முதியவர் ஒருவரையும் நிறுத்திக் கேட்டேன். அவருடன் வந்த சிறுவன் என்னை வேடிக்கையாகப் பார்த்தான். அம் மூன்றாமவரைக் கேட்கும்பொழுது வழி எனக்கு முன்பே தெரிந்திருந்தது.