அங்குலமும் மில்லிமீட்டரும்

காரின் சௌந்தரியம் அதன் சக்கரத்தில் குடிகொண்டிருக்கிறது என்ற அபிப்பிராயம் வலுத்துவிட்ட இந்நாளில், சென்னைப் புதுப்பேட்டையின் கடைகளில் வரிசையாகத் தொங்கும் அலாய் வீல்களை அண்ணாந்து பார்த்து நிற்போர், பளபளப்பையும் விலையையும் விசாரிக்கிறார்களே ஒழிய, டயரின் பக்கத்தில் அச்சாகியிருக்கும் எண்களைக் குனிந்து படிப்பவர் அவர்களுள் வெகு சொற்பம்.

'185/65 ஆர்15' என்னும் அந்த வரியில், முதலெண் டயரின் அகலத்தை மில்லிமீட்டரிலும், அடுத்தது பக்கச்சுவரின் உயரத்தை அவ்வகலத்தின் சதவீதமாகவும், கடைசி எண் ரிம்மின் விட்டத்தை அங்குலத்திலும் குறிப்பதால், மேலும் கீழுமுள்ள இரு பக்கச்சுவர்களோடு ரிம்மையும் கூட்டினால் சக்கரத்தின் மொத்த விட்டம் 621.5 மில்லிமீட்டர் என்று தேறும். 16 அங்குல ரிம்மில் 195/55 அளவு டயரை ஏற்றினாலோ, விட்டம் 620.9. ரிம் ஓர் அங்குலம் வளர்ந்தும் சக்கரம் வளரவில்லை. உலோகம் பெற்றதை ரப்பர் இழந்திருக்கிறது. பக்கச்சுவரில் குறைந்த அந்த 13 மில்லிமீட்டரின் அருமை, மழைக்காலத்துப் பள்ளத்தில் ரிம் நெளியும்போதுதான் பிரத்தியட்சமாகும்.

இதற்கு மாறாக, அதே 15 அங்குல ரிம்மில், சற்று அகலமாயிருந்தால் கம்பீரமாயிருக்குமே என்று 205/65 டயரை மாட்டுகிறவரின் காரில் விட்டம் 647.5 ஆகி, நூற்றுக்கு நான்கு பங்குக்கு மேல் பெருத்துவிடுகிறது. சக்கரம் சுழலும் வேகத்தைக் கொண்டே கணக்கிடும் ஸ்பீடாமீட்டருக்கு இந்த மாற்றம் தெரிய நியாயமில்லை. ஆகவே முள் 100இல் நிற்கையில், முன்பைவிட நான்கு கிலோமீட்டர் அதிக வேகத்தில் கார் ஓடிக்கொண்டிருக்கும். ஓடிய தூரமும் அதே விகிதத்தில் குறைவாகப் பதிவாவதால், மைலேஜ் விழுந்துவிட்டதென்று பெட்ரோல் பங்க்காரரை நிந்திப்பவர்களும் உண்டு. ஸ்டீயரிங்கை முழுக்க ஒடித்தால், டயர் உட்பக்க மட்கார்டை உரசி, அவ்விடத்தில் ஒரு கறுப்புத் தடத்தையும் பதித்துவிடலாம்.

விட்டம் ஒத்துப்போனாலும் விஷயம் பூர்த்தியாகிவிடவில்லை. அளவை அடுத்துள்ள '88எச்' என்ற குறியில், 88 என்பது அந்த டயர் 560 கிலோ வரை தாங்கும் என்பதையும், எச் என்பது மணிக்கு 210 கிலோமீட்டர் வரை அதன் வேகத் தகுதியையும் அறிவிக்கின்றன. அவற்றில் குறைந்ததை மலிவு கருதி வாங்குவது, குடும்பத்தின் க்ஷேமத்தையே பேரம் பேசுவதாகும். ஆதலால், புது வீல் வாங்கப் புறப்படுமுன், ஓட்டுநர் பக்கத்துக் கதவைத் திறந்து, அதன் சட்டத்தில் ஒட்டியிருக்கும் டயர் அளவு ஸ்டிக்கரை ஒருமுறை படித்துக் குறித்துக்கொள்ளுங்கள். கடைக்காரரின் சிபாரிசை அதன் பிறகு கேட்டுக்கொள்ளலாம்.