தாளம் சொல்லும் பெட்டி

சென்ற மழைக்காலத்தில் ஓர் இரவு, நமது தமக்கையின் மகன் ஒரு மரப்பெட்டியைச் சுமந்துகொண்டு வாயிலில் வந்து நின்றான். "மாமா, இதை இங்கே வைத்துக்கொள்ளுங்கள். வீட்டில் இருக்கக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார்" என்றான். மாட்டுங்கா லேபர் கேம்பில் நமது குடியிருப்பு பத்தடிக்குப் பன்னிரண்டடி. எனினும் மறுக்க மனம் வரவில்லை.

பெட்டியில் இருந்தது மாடுலர் சிந்தசைசர் என்னும் மின்னிசைக் கருவி. ஓசை எழுப்ப ஒரு பகுதி, அதை வடிகட்ட ஒரு பகுதி, கூட்டிக் குறைக்க ஒரு பகுதி எனத் தனித்தனியாக அமைந்தவற்றைக் கம்பிகளால் இணைத்து வாசிப்பது அது. நம் நாட்டுக்கு இது புதிதன்று. 1969இல் அகமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் மூக் என்னும் இவ்வகைக் கருவியை அமெரிக்க இசைஞர் டேவிட் டியூடர் நிறுவினார்; கீதா சாராபாய் முதலானோர் அதில் இசையமைத்தனர். 1982இல் மும்பைத் திரையிசைக் கலைஞர் சரண்ஜித் சிங், ஜப்பானிய மின்னிசைக் கருவிகளில் பத்து ராகங்களை வாசித்து இசைத்தட்டாக வெளியிட்டார்.

பையனிடம் இல்லாதது 'கிளாக்' என்னும் பகுதி. அது தானாக ஓசை எழுப்பாது; சீரான மின்துடிப்பை மட்டும் அனுப்பும். மற்றப் பகுதிகள் அத்துடிப்புக்கு ஏற்ப அடியெடுத்து வைக்கும். இரயில்வேயில் எழுத்தராயிருக்கும் நமக்கு இதன் அருமை உடனே விளங்கிற்று. 1906இல் இந்தியப் பொதுநேரம் வருமுன் ஊருக்கொரு நேரம் இருந்தபோது, இரயில்கள் சென்னை நேரத்தைக் கொண்டே ஓடின அல்லவா?

அத்தானின் கோபத்துக்கும் காரணம் உண்டு. ஊர்க் கொடைகளில் நையாண்டி மேளத்தில் தவில் வாசித்தவர் அவர். வேலையிடத்தில் வலக்கை நசுங்கியபின் தவிலைத் தொடவில்லை. "என் கை போயிற்று, இனி மேளக்காரனே வேண்டாமென்று என் மகனே பெட்டி செய்கிறான்" என்று தமக்கையிடம் சொல்லி வருந்தினாராம். தந்தையும் மகனும் பேசி இரண்டு திங்களாயிற்று.

ஒரு ஞாயிறன்று கிராண்ட் ரோடில் இறங்கி, லாமிங்டன் சாலையில் உதிரிப்பொருள்கள் வாங்கினோம். 40106 என்னும் ஐ.சி., ஒரு கண்டென்சர், ஒரு ரெசிஸ்டன்ஸ், ஒன்பது வோல்ட் பாட்டரி, இவ்வளவே. மாலைக்குள் சிவப்பு விளக்கு துடித்தது. பெட்டியும் தாளம் போட்டது. தமக்கையை அழைத்துச் செல்ல வந்த அத்தான் வாயிலிலேயே அமர்ந்தார். அரைமணி கழிந்தது. "மாப்பிள்ளை, தொடங்கிய காலம் இதுவன்று. ஓடுகிறது" என்றார்.

நாம் நம்பவில்லை. கடிகாரத்தை வைத்து எண்ணினோம். தொடக்கத்தில் நிமிடத்துக்கு 96 துடிப்பு, இப்போது 101. பையன் திகைத்துப் போனான். ஒலிபெருக்கியும் அதே பாட்டரியை உறிஞ்சியதால் வோல்ட் இறங்கிவிட்டது. வோல்ட் மாறினால் அந்த ஐ.சி.யின் வேகமும் மாறும்.

மறுவாரம் 555 என்னும் ஐ.சி.யைப் பொருத்தினோம். 1971இல் ஹான்ஸ் காமன்சிண்ட் வடிவமைத்தது அது. கண்டென்சரில் மின்சாரம் வோல்ட்டின் மூன்றில் இரு பங்கு ஏறியதும் வடியத் தொடங்கும். மூன்றில் ஒரு பங்காக இறங்கியதும் மீண்டும் ஏறும். வோல்ட் குறைந்தால் இவ்வெல்லைகளும் அதே விகிதத்தில் குறைவதால் வேகம் பெரிதும் மாறுவதில்லை. 10 மைக்ரோபாரட் கண்டென்சரும், 1 கிலோ ஓம், 4.7 கிலோ ஓம் ரெசிஸ்டன்ஸ்களும், 100 கிலோ ஓம் திருகும் இட்டோம். திருகைத் திருப்ப, நிமிடத்துக்கு ஏறக்குறைய 40 முதல் 800 துடிப்பு வரை கிடைத்தது.

இம்முறை பையனே போய்த் தந்தையை அழைத்து வந்தான். அத்தான் இடக்கையால் தொடையில் தட்டியவாறு அரைமணி கேட்டார். "நிற்கிறது" என்றார். பிறகு மகனை நோக்கி, "இது ஏழு எண்ணுமா?" என்று வினவினார்.

பையன் 4017 என்னும் எண்ணும் ஐ.சி.யைச் சேர்த்தான். அதன் எட்டாம் வெளிவழியை அதன் ரீசெட் முனையோடு இணைத்தால் ஏழு எண்ணி மீண்டும் ஒன்றுக்குத் திரும்பும். அத்தான் மூன்றும் நான்குமாகத் தட்டிக் காட்ட, மகன் கம்பிகளை மாற்றிக்கொண்டே இருந்தான். அடுப்படியில் தமக்கை கண்ணைத் துடைத்துக்கொண்டதை நாம் காணாததுபோல் இருந்தோம்.

எழும்போது அத்தான், "பெட்டியை இங்கே ஏன் வைத்திருக்கிறீர்கள் மாப்பிள்ளை? உங்களுக்கே இடம் போதாதே" என்றார். தந்தை ஒருபுறமும் மகன் ஒருபுறமும் பிடித்து அதைச் சந்து வழியே கொண்டுசென்றனர். நமது அறையில் இப்பொழுது இரண்டடி இடம் மிச்சமிருக்கிறது.