முட்கரண்டியும் ஐந்து விரலும்

நல்ல இத்தாலிய உணவுச்சாலை எங்கே உளது என்று வினவுவார்க்குக் கோலாலம்பூரின் நடுவே நிற்கும் கண்ணாடி மாளிகைகளைச் சுட்டிக் காட்டுவது உலக வழக்கு. யாமும் நெடுநாள் அவ்வாறே எண்ணியிருந்தோம். செம்பனைத் தோட்டமொன்றில் கிராணி வேலை பார்க்கும் எமக்குச் சம்பளம் கைக்கு வந்த வாரத்தில்தான் பட்டணப் பிரவேசம் வாய்க்கும். அங்ஙனம் சில ஆண்டுகள் சென்று, உண்டு, ஏமாந்து, மீண்டும் தேடியதன் பயனாக யாம் கண்டறிந்த உண்மை ஒன்றுண்டு. நல்ல கடை நடுநகரில் இருப்பதைவிடப் புறநகரில் இருப்பதே பெரும்பான்மை.

காரணம் எளிது. நடுநகரில் உண்பாருள் பலர் இன்று வந்து நாளை செல்லும் பயணியர். பெட்டாலிங் ஜெயா, சுபாங் ஜெயா, கிள்ளான் போன்ற இடங்களின் கடைவரிசைகளில் உண்பவரோ அக்கம்பக்கத்துக் குடும்பத்தார். அவர் ஒருநாள் முகம் சுளித்தால் மறுநாள் வாரார். ஆதலின் அங்குள்ள சமையற்காரர் அலங்காரத்தை நம்பிப் பிழைத்தல் இயலாது. சுவையையே நம்பிப் பிழைத்தல் வேண்டும்.

இனி, நல்ல கடையை அறிவதெப்படி? உணவுப் பட்டியல் நூறு பெயரோடு நீண்டிருப்பின் ஐயுறுக. உள்ளவற்றுள் மிக எளியதைக் கேட்க. ஒரு வீட்டுச் சமையலை ரசத்தைக் கொண்டு அளப்பதுபோல, இத்தாலியச் சமையலைப் பூண்டும் எண்ணெயும் சிறிது மிளகாயும் மட்டுமே சேர்ந்த 'ஆலியோ ஒலியோ' என்னும் ஸ்பெகட்டியைக் கொண்டு அளக்கலாம். அதில் குற்றத்தை மறைக்க இடமில்லை. மாவிழை குழையாமல், நடுவே பல்லுக்குச் சற்றே எதிர்த்து நிற்றல் வேண்டும். ரோம் நகரத்துக் 'கார்பொனாரா'வோ முட்டையும், ஆட்டுப்பால் பாலாடைக்கட்டியும், மிளகும், உப்பிட்ட பன்றிக் கன்னத்து இறைச்சியும் கொண்டு ஆவது. இந்நாட்டுக் கடைகள் பல மாட்டிறைச்சியைச் சேர்ப்பது வாடிக்கையாளர் சமயம் கருதி, அது குற்றமன்று. ஆனால் முட்டையைப் பக்குவமாகக் கலக்கும் திறமின்றிப் பாலேட்டை ஊற்றி மூடுவது சோம்பல். நேப்பிள்ஸ் முறைப் பீட்சாவோ விறகடுப்பில் 430 பாகைக்கு மேற்பட்ட வெப்பத்தில் 60 முதல் 90 நொடிக்குள் வெந்து, ஓரம் உப்பி, ஆங்காங்கே கருகி வருதல் வேண்டும். அக்கலையை 2017-ஆம் ஆண்டு யுனெஸ்கோ மனிதகுலப் பண்பாட்டுச் செல்வங்களுள் ஒன்றாகச் சேர்த்தது.

இவ்வளவும் கற்ற யாம் கல்லாதது ஒன்றிருந்தது. அதைச் சொல்ல நாணமாயிருப்பினும் சொல்லியே ஆகவேண்டும்.

எம் அன்னையார் பால்மரம் வெட்டியவர். தம் கைவளையலை அடகு வைத்து எம்மைத் தனியார் ஆங்கிலப் பள்ளிக்கு அனுப்பியவர். அவரை ஒருமுறை நடுநகரத்துப் பெரிய கடையொன்றுக்கு அழைத்துச் சென்றோம். தட்டு வந்தது. அன்னையார் இயல்பாகவே வலக்கையை நீட்டினார். யாம் குனிந்து, "அம்மா, கையை எடுங்கள், எல்லோரும் பார்க்கிறார்கள்" என்றோம். அவர் விரலைத் துணியில் துடைத்து மடியில் வைத்துக்கொண்டார். "பசி இல்லை, தம்பி. நீ சாப்பிடு" என்றார். வீடு திரும்பும் வரை அவர் வேறொன்றும் பேசவில்லை. லயத்துக்கு வந்ததும் அடுக்களையில் பழைய சோற்றைப் பிசையும் ஓசை கேட்டது.

ஈராண்டு கழிந்தன. கிள்ளானுக்கு அருகே ஒரு கடைவரிசையில், துணி தைப்பவர் கடைக்கும் முடிதிருத்தும் நிலையத்துக்கும் இடையே, எட்டே மேசை கொண்ட இத்தாலியக் கடையொன்றைக் கண்டோம். அதன் சமையற்காரர் தமிழர். பெரிய ஹோட்டலொன்றின் இத்தாலியச் சமையலறையில் பல்லாண்டு உழைத்துத் தேர்ந்தவர். அன்னையாரை வருந்தி அழைத்துச் சென்றோம். உணவு வந்தும் அவர் கைகள் மடியிலேயே கிடந்தன. அதைக் கண்ட சமையற்காரர் அருகே வந்து, "கையால் சாப்பிடுங்கள், அம்மா. நேப்பிள்ஸ் தெருவில் பீட்சாவை நாலாக மடித்துக் கையில் பிடித்துத்தான் தின்பார்கள். அந்தக் காலத்தில் இந்த மாவிழையையே கையால் தூக்கி, அண்ணாந்து வாயில் விட்டுக்கொண்டார்கள்" என்றார்.

அது வெறும் உபசாரப் பேச்சன்று. 19-ஆம் நூற்றாண்டு நேப்பிள்ஸ் நகரத் தெருக்களில் ஏழை மக்கள் அங்ஙனம் உண்பதைக் காட்டும் புகைப்படங்களைப் பின்னர் யாமே கண்டோம். யாம் எந்த நாட்டு நாகரிகத்தின் பெயரால் தாயின் கையைத் தடுத்தோமோ, அந்நாட்டுத் தாய்மாரும் கையாலேயே உண்டு பிள்ளை வளர்த்திருக்கின்றனர்!

அன்னையார் சமையற்காரரை ஏறிட்டு நோக்கி, "நீ எந்தத் தோட்டம், தம்பி?" என்று கேட்டார். அவர் தம் தோட்டத்தின் பெயரைச் சொன்னார். அதன் பின்னரே அன்னையார் கை தட்டுக்குச் சென்றது. பூண்டு மணக்கும் மாவிழையை ஒரு வாய் உண்டு, சற்று யோசித்து, "உப்பு ஒரு கல் குறைவு" என்றார். சமையற்காரர் சிரித்தார். எம் கையில் முட்கரண்டி இருந்தது. அடுத்த மேசையை ஒருமுறை பார்த்தோம், பொய் சொல்வானேன்? பார்த்தோம். பின் அதைக் கீழே வைத்துவிட்டுக் கையால் உண்டோம்.

மன்னிப்பென்று ஒரு சொல் எம் வாயினின்றும் அன்றும் வரவில்லை. ஆனால் இன்றும் மாதந்தோறும் சம்பள வாரம் வந்ததும், "அந்தக் கடைக்குப் போவோமா, தம்பி?" என்று கேட்பவர் அன்னையாரே. நல்ல உணவுச்சாலைக்கு இலக்கணம் பல கூறினோம். அவை அனைத்தும் இருந்தும், பெற்றவளைப் பசியோடு எழச் செய்யும் கடை எமக்குக் கடையன்று. அதற்குத் துணைபோகும் கல்வியும் கல்வியன்று.