எற்பாடும் ஏற்பாடும்

நெய்தல் நிலத்துக்குரிய சிறுபொழுதைத் தொல்காப்பியர் எற்பாடு என்பார். எல் ஆவது ஞாயிறு. பாடு ஆவது படுதல். மாணவர் பலர் தேர்வுத் தாளில் இதனை ‘ஏற்பாடு’ என்று நெடிலாக்கி எழுதிவிடுவர். அதனைச் சிவப்பு மையால் சுழித்துச் சுழித்தே நாமும் இருபது ஆண்டுகளைக் கழித்துவிட்டோம். இப்போது நம் இல்லத்தில் அவ்விரு சொற்களும் ஒன்றாய் வந்து அமர்ந்திருக்கின்றன. ஞாயிறு கடலில் படுகின்ற ஒரு நாட்டுக்குப் பயண ஏற்பாடு செய்துகொண்டிருக்கிறோம். நாம் மொராக்கோ என்று வழங்கும் அந்நாட்டை அரபியர் ‘அல்மஃரிப்’ என்பர். ஞாயிறு மறையும் இடம் என்பது அதன் பொருள். நாள்தோறும் மஃரிபு தொழுகிறவர்க்கு அச்சொல்லை நாம் விளக்க வேண்டியதில்லை.

பயணம் போக விரும்புபவர் நம் மூத்த காக்கா. இளமையில் தூத்துக்குடிக்கும் கொழும்புக்கும் இடையே தோணியில் ஓடியவர். பின்னர் சரக்குக் கப்பலேறி உலகின் பாதியைக் கண்டவர். உரத்துக்கான பாஸ்பேட் கல்லை ஏற்றுவதற்காக அவருடைய கப்பல் ஒருமுறை மொராக்கோவின் சாஃபி துறைமுகத்தை அடைந்தது. சரக்கேற்றித் தெற்கே திரும்பும் வழியில், மாலை வெயிலில், மதில் சூழ்ந்த வெண்ணிற ஊர் ஒன்று கரையோரத்தில் தெரிந்ததாம். எஸ்ஸவீரா என்று உடனிருந்தவர் சொன்னார்களாம். கப்பல் நிற்கவில்லை. எத்தனையோ துறைமுகங்களில் இறங்கி நடந்தவர், இறங்காத அந்த ஓர் ஊரையே இன்றளவும் பேசிக்கொண்டிருக்கிறார்.

பேச்சோடு நின்றிருக்கும், அவர் கண்தான் நம்மை விரைவுபடுத்தியது. அவருக்குக் கண்ணழுத்த நோய். பக்கப் பார்வை முதலில் சுருங்கி, பின் குழாய் வழியே காண்பதுபோல் ஆகும் நோய் அது. போன பார்வை மீளாது. எஞ்சியதைக் காப்பதே சொட்டு மருந்தின் வேலை. இடக்கண் ஏறக்குறைய அணைந்துவிட்டது. வலக்கண் எத்துணைக் காலம் என்பதை மருத்துவரும் சொல்லவில்லை, காக்காவும் கேட்கவில்லை.

வீட்டில் எதிர்ப்பில்லாமல் இல்லை. ஹஜ்ஜை முன்னரே நிறைவேற்றிவிட்டார் எனினும், ‘இப்பணத்தில் ஓர் உம்ராவுக்குப் போகலாமே, கடற்கரை பார்க்கவா இத்தனை தொலைவு’ என்றார் நம் மாமா. அவர் சொன்னதில் நியாயம் உண்டு. காக்காவின் மகளோ வேறு வகையில் அஞ்சினாள். 2023 செப்டம்பரில் மராக்கேஷ் நகருக்குத் தென்மேற்கே அட்லஸ் மலையில் நிகழ்ந்து ஏறத்தாழ 3,000 உயிர்களைக் கொண்ட நிலநடுக்கத்தை அவள் மறக்கவில்லை. ‘பார்வை மங்கியவர் அங்கே போய் எதைப் பார்க்கப் போகிறார் சாச்சா?’ என்று நம்மிடம் கேட்டாள். இக்கேள்விதான் நம்மை வேலை செய்ய வைத்தது. ஊரைப் பற்றிப் படிக்கத் தொடங்கினோம்.

படிக்கப் படிக்க, இவருக்கென்றே கட்டிய ஊரோ என்று தோன்றியது. சுல்தான் முஹம்மது பின் அப்துல்லா 1760களில் எழுப்பிய துறைமுக நகர் அது. ஐரோப்பியர் மொகதோர் என்றே நெடுங்காலம் அழைத்தனர். கோர்னூ என்னும் பிரெஞ்சுப் பொறியாளர் வகுத்த திட்டத்தின்படி அமைந்தமையால், மதிலுக்குள் முதன்மைத் தெருக்கள் நூல் பிடித்தாற்போல் நேராக ஓடுகின்றன. ஃபெஸ் போன்ற பழைய நகரங்களிலோ கண்ணுள்ளவரும் வழி தப்புவர். மதிலுக்குள் மோட்டார் வண்டிகளும் இல்லை. பெட்டியைக் கைவண்டியில் வைத்துத் தள்ளிச் செல்ல ஆட்கள் உண்டு. பக்கப் பார்வை அற்றவர்க்குத் தெருவில் முதற்பகை பக்கவாட்டில் வரும் வண்டி. அப்பகை அங்கில்லை. யுனெஸ்கோ 2001இல் அந்நகரை உலக மரபுச் சின்னமாக ஏற்றதைக் காட்டிலும் இச்செய்தியே நமக்குப் பெரிதாகப் பட்டது.

எதைப் பார்ப்பார் என்ற கேள்விக்கும் விடை கிடைத்தது. துயா என்னும் மரத்தின் வேர்முண்டுகளைக் கடைந்து பெட்டி செய்யும் தச்சர்கள் அங்கு மிகுதி, அம்மரம் நறுமணமுடையது. அர்கான் கொட்டையை உடைத்துப் பருப்பைக் கல்லில் அரைத்து எண்ணெய் எடுப்பவர் பெண்கள். துறைமுகத்தில் மீன்பிடி மரக்கலங்களை இன்றும் கையால் கட்டுகின்றனர். தோணியின் வங்கை விரலால் தடவியே மரத்தின் வயதைச் சொல்லக்கூடிய காக்கா, அங்கே நம்மைவிட மிகுதியாகவே ‘பார்ப்பார்’. கடற்காக்கைகளின் கூச்சலும், மதிலின் அடியில் பாறையில் மோதும் அலையும் வேறு இருக்கின்றன.

பருவத்தைத் தெரிவதில்தான் பெரும்பாடு. கோடையில் மராக்கேஷ் 40 பாகையைத் தாண்டிக் கொதிக்கையில், மூன்று மணி நேரப் பயணத்தொலைவிலுள்ள எஸ்ஸவீரா குளிர்ந்திருக்கும். மக்கள் அங்கு திரள்வது அதனாலேயே. ஆனால் அக்குளிர்ச்சியைத் தருவது காற்று. ஏப்ரல் தொடங்கிக் கோடை முழுதும் வடக்கிலிருந்து கடற்கரையை ஒட்டி ஓயாது வீசும் காற்று, மேல்நீரைக் கரையினின்று அப்பால் தள்ளிவிட, அடியாழத்துக் குளிர்நீர் மேலே எழுகிறது. அந்நீரோடு வரும் ஊட்டத்தால் மத்தி மீன் கொழிக்கிறது. நீராட இறங்குபவரோ நடுங்குகிறார். காற்றில் பலகையேறி விளையாடும் இளைஞர்க்கு அது சொர்க்கம். மணலை வாரி முகத்தில் எறியும் அதே காற்று, நோயுற்ற கண்ணுக்கு ஆகாது. ஆதலால் சுற்றுலாக்காரர் புகழும் ஜூலையைத் தள்ளி, காற்றுத் தணியும் அக்டோபர் இறுதியைக் குறித்துக்கொண்டோம். கூட்டமும் அப்போது குறைவு. ஜூன் மாதத்து ‘க்னாவா’ இசைவிழாவைத் தவறவிடுகிறோமே என்று நம் மகன் முணுமுணுத்தான். அவன் வரப்போவதில்லை என்பதால் அம்முணுமுணுப்பை நாம் பொருட்படுத்தவில்லை.

வழி நீளமானது. சென்னையிலிருந்து வளைகுடா நகரொன்றில் விமானம் மாறிக் காசாபிளாங்கா. அங்கிருந்து ரயிலில் மராக்கேஷ். எஸ்ஸவீராவுக்கு ரயில் இல்லாமையால் பின்னர்ப் பேருந்து. இதனை ஒரே மூச்சில் முடிக்க இருவர் உடலும் இடம் தராது. காசாபிளாங்காவில் ஓரிரவும் மராக்கேஷில் ஓரிரவும் தங்குவதென்று முடிவு செய்தோம். கண் சொட்டு மருந்து கைப்பையிலேயே இருக்க வேண்டும். மருத்துவர் சீட்டின் ஆங்கிலப் படியும் உடன். நடுமுற்றம் வைத்த பழைய வீடுகளே அங்கு விடுதிகளாக உள்ளன. அழகானவை, ஆனால் படிகள் செங்குத்தானவை. மேல்மாடியில் கடல் தெரியும் அறை கிடைத்தும் வேண்டாமென்று கீழ்த்தளத்து அறையையே கேட்டு எழுதியிருக்கிறோம்.

உணவுக்கும் தொழுகைக்கும் கவலையே இல்லை. அங்குள்ளோர் மாலிக்கி மத்ஹபினர். தொழுகையில் கைகளைக் கட்டாமல் தொங்கவிட்டு நிற்பவர் பலர் இருப்பர். ஷாஃபிகளாகிய நமக்கு அது புதுமையாகத் தோன்றலாம். அந்நாட்டின் தாஞ்சியரில் 1304இல் பிறந்த இப்னு பதூதா, நம் மஅபர் கரையில் இறங்கி மதுரை சுல்தானகத்தைக் கண்டபோது எதையெல்லாம் புதுமையாகக் கருதினார் என்பது அவர் பயண நூலைப் படித்தவர்க்குத் தெரியும். ஏறத்தாழ 680 ஆண்டுகள் கழித்து நாம் எதிர்த்திசையில் போகிறோம்.

மாமா இன்னும் முழு மனத்தோடு இசையவில்லை. ஆயினும் சென்ற வாரம் தம் கம்பளிச் சால்வையைக் காக்காவிடம் கொடுத்தனுப்பினார். மகள், நாள்தோறும் இரவில் பேச வேண்டும் என்ற நிபந்தனையின் பேரில் இசைந்தாள். காக்கா கேட்டது ஒன்றே ஒன்று: பேருந்தில் கடல் எந்தப் பக்கம் வரும்? இடப்பக்கமாயின் தமக்குத் தெரியாதே என்றார். தேடிப் பார்த்தோம். மராக்கேஷ் சாலை மேற்கு நோக்கி ஓடி, ஊரை நெருங்குகையில் மேட்டிலிருந்து இறங்குகிறது. அப்போது ஊரும் மதிலும் கடலும் எதிரிலேயே விரியுமாம். முன்வரிசையில் வலப்பக்கத்து இருக்கைகள் இரண்டைக் கேட்டிருக்கிறோம்.